வருகைப் பட்டியலில் தெரியும் பயம்

ஒரு மாணவன் என் அறைக்கு வருவதற்கு முன்பே அவனுடைய வருகைப் பட்டியலை வாங்கிப் பார்த்துவிடுவேன். மொத்த சதவீதம் எனக்குத் தேவையில்லை, அது அலுவலகத்துக்கு வேண்டியது. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீதம் வேண்டும், 65க்கு மேல் இருந்தால் மருத்துவச் சான்று கொடுத்துத் தேர்வு எழுதலாம் என்ற கணக்கு முதலாண்டுப் பையனுக்கும் மனப்பாடம். நான் பார்ப்பது எந்த நாளில் எந்த பீரியடில் 'ஆப்சென்ட்' விழுந்திருக்கிறது என்பதை.

விளையாட்டாக வகுப்புக்கு மட்டம் போடுகிறவனின் பட்டியல் சிதறிக் கிடக்கும். படம் ரிலீசான வெள்ளிக்கிழமை, தீபாவளிக்கு முந்தின இரண்டு நாள், மழை பெய்த காலை என்று இருக்கும். பயந்து வராமல் இருப்பவனின் பட்டியலில் ஓர் ஒழுங்கு தெரியும். செவ்வாய் மதியம் லேப், வியாழன் செமினார், பேரைச் சொல்லி எழுப்பிக் கேள்வி கேட்கும் ஒரே ஒரு பேராசிரியரின் பீரியட். மற்ற வகுப்புகளில் எல்லாம் கடைசி பெஞ்சில் இருந்திருப்பான். ஒன்றிரண்டு மாதம் போனால் அந்த ஒழுங்கும் கலைந்து முழு நாளும் வராமல் போய்விடும். அப்போதுதான் டியூட்டருக்கு அது கண்ணில் படும். "படிப்பில் ஆர்வம் இல்லை, சோம்பல், ஒத்துழைப்பதில்லை" என்று எழுதி என்னிடம் அனுப்பி வைப்பார்.

கோவை வட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகளில் மாணவர் ஆலோசகராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். இந்தத் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தவற்றில் முதன்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல்வேன். ஆர்வம் இல்லை என்று என்னிடம் அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலானவர்கள் ஆர்வம் போனதால் ஒதுங்கியவர்கள் அல்லர். பயத்தால் ஒதுங்கினார்கள், ஒதுங்கியே இருந்ததில் ஆர்வம் வற்றிப்போனது. இந்த வரிசை மாறிப் புரிந்துகொள்ளப்பட்டால் வைத்தியமும் மாறிப்போகும். பயந்தவனுக்கு அறிவுரை சொல்வோம். உன் அப்பா எவ்வளவு கஷ்டப்பட்டுப் பணம் கட்டுகிறார் தெரியுமா என்போம். அது அவனுக்கு ஏற்கெனவே தெரியும். ராத்திரி தூக்கம் வராமல் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

மருத்துவத்தில் இதைச் சமூகப் பதற்றம் என்கிறார்கள். 1960களில் லண்டனில் ஐசக் மார்க்ஸ் போன்றவர்கள் இதைத் தனி வகைப் பயமாகப் பிரித்துக் காட்டினார்கள். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இடம்பெற்றது. பெரும்பாலும் பதின்வயதில் தொடங்கும். வீட்டில் "கூச்ச சுபாவம்" என்று சொல்லி விட்டுவிடுவார்கள். பள்ளியில் அது மறைந்தே கிடக்கும், ஏனென்றால் நம் மேல்நிலைப் பள்ளியில் வாய் திறக்காமலே பன்னிரண்டாம் வகுப்பு வரை முதல் மதிப்பெண் வாங்கிவிடலாம். கல்லூரியில் அப்படி முடியாது. லேபில் வைவா, வகுப்பில் செமினார், கடைசியில் வேலைக்கான குரூப் டிஸ்கஷன். பிள்ளை திடீரென மாறிவிட்டதாக வீட்டில் நினைக்கிறார்கள். அவன் மாறவில்லை, ஒளிந்துகொள்ள இருந்த இடம்தான் போய்விட்டது.

இந்தப் பதற்றத்தை அளக்க லீபோவிட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 24 சூழல்களைக் கொண்ட ஒரு அளவுகோலை 1987இல் வெளியிட்டார். நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் விருந்து கொடுப்பது, கடையில் வாங்கிய பொருளைத் திருப்பித் தருவது போன்ற கேள்விகளுக்கு எங்கள் பையன்கள் விழிப்பார்கள். அதனால் பக்கத்திலேயே என் சொந்தப் பட்டியல் ஒன்றையும் வைத்திருக்கிறேன். வருகை எடுக்கும்போது "பிரசன்ட் மேம்" என்று குரல் கொடுப்பது. லேட்டாகப் போய் வகுப்பு வாசலில் நிற்பது. மெஸ்ஸில் தட்டோடு எந்த மேசையில் உட்காருவது என்று தெரியாமல் நிற்பது. டவுன் பஸ்ஸில் நிறுத்தச் சொல்லிக் குரல் எழுப்புவது. ஓ.டி. (ஆன் டியூட்டி) படிவத்தோடு துறைத்தலைவர் அறை வாசலில் காத்திருப்பது. ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்து வாங்குவது. கடைசி இரண்டுக்கும் மாணவர்கள் முகம் மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு கையெழுத்து வாங்கக் கூசியதால் மட்டும் இன்டெர்னல் மார்க்கை இழந்தவர்கள் இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது பொறுப்பின்மை.

இங்கே சொல்லும் மாணவர்களின் அடையாளங்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன்.

ஒருவன் மின்னியல் துறை, இரண்டாம் ஆண்டு. தமிழ் வழியில் படித்து வந்தவன், வீட்டில் முதல் பட்டதாரி. அவன் பட்டியலில் மெஷின்ஸ் லேப் மட்டும் வாராவாரம் காலியாக இருந்தது. வந்து உட்கார்ந்தவனிடம் லேபைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. என் மேசை மேல் அவனுடைய மேனுவல் இருந்தது, எனக்கு அதில் ஒன்றும் புரியவில்லை என்று சொல்லி, டிரான்ஸ்ஃபார்மரில் ஓப்பன் சர்க்யூட் டெஸ்ட் என்றால் என்ன என்று கேட்டேன். உண்மையிலேயே எனக்குத் தெரியாது. தலை நிமிராமலே ஆரம்பித்தான். "ஹெச்.வி. சைடைத் திறந்து விட்டுருவோம் மேம். எல்.வி. சைடுல ரேட்டட் வோல்டேஜ் குடுப்போம். லோடு இல்லாததால கரன்ட் கம்மியாத்தான் போகும். அதனால வாட்மீட்டர் காட்டறது கோர்ல ஆகற லாஸ்தான்." ஒரு தாளை இழுத்துச் சுற்று வரைந்தும் காட்டினான். பாடம் அவனுக்குத் தெரிந்திருந்தது. அதே கேள்வியை லேபில் நான்கு பேர் சுற்றி நிற்க, ஆங்கிலத்தில் கேட்டபோது அவன் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. யாரோ சிரித்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து அவன் போகவில்லை.

அந்த நிமிடத்தில் உள்ளே என்ன நடந்தது என்று கேட்டால் எல்லா மாணவர்களும் ஏறக்குறைய ஒன்றையே சொல்கிறார்கள். கேள்வி காதில் விழவில்லை. தன் கை நடுங்குவதும் நெஞ்சு அடிப்பதும்தான் தெரிந்தன. எதிரே இருப்பவர் முகம் நினைவில்லை, ஆனால் அவர் கண்ணுக்குத் தான் எப்படித் தெரிந்தோம் என்பது மட்டும் படம் போல நினைவிருக்கிறது. டேவிட் கிளார்க், அட்ரியன் வெல்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் 1995இல் இதை விளக்கி எழுதினார்கள். பதற்றம் வந்ததும் கவனம் முழுக்க உள்ளே திரும்பிவிடுகிறது. உள்ளே தோன்றுவதையே பிறர் பார்ப்பதாக நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கை சரியா என்று சோதிக்க வழியில்லாமல் சின்னச் சின்ன தற்காப்புகள் செய்துகொள்கிறோம். எல்லாம் முடிந்த பிறகு நடந்ததைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து மேலும் மோசமாக்கிக்கொள்கிறோம்.

அந்தத் தற்காப்புகளைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலையில் பாதி. வியர்வை தெரியாமலிருக்க வெயிலிலும் முழுக்கைச் சட்டை. யாரும் பேச்சுக் கொடுக்காதிருக்க காதில் எப்போதும் இயர்போன், பாட்டு ஓடாவிட்டாலும். செமினாரை ஒரு சொல் விடாமல் மனப்பாடம் செய்வது, மூச்சு விடாமல் ஒப்பித்து முடிப்பது. எதையும் கேட்கும் பொறுப்பை ஒரே ஒரு நண்பனிடம் விட்டுவிடுவது. அந்த நண்பன் காய்ச்சலில் ஊருக்குப் போனால் இவனும் மூன்று நாள் வரமாட்டான். இவை எல்லாம் அந்த நேரத்துக்கு உதவுகின்றன, அதனால்தான் விடமுடிவதில்லை. ஆனால் "இதனால்தான் தப்பித்தேன்" என்ற எண்ணத்தை இறுக்கிக்கொண்டே போகின்றன.

கிளார்க் குழுவினர் கையாண்ட ஒரு முறையை நான் செல்பேசியை வைத்தே செய்கிறேன். அந்த மின்னியல் மாணவனை இரண்டு நிமிடம் பேசச் சொன்னேன், வழக்கம்போல மனப்பாடம் செய்து, தரையைப் பார்த்து. பிறகு இன்னொரு முறை, மனப்பாடம் இல்லாமல், எதிரே இருக்கும் என்னையும் நூலக உதவியாளரையும் பார்த்து. இரண்டையும் பதிவு செய்துகொண்டேன். போட்டுக் காட்டுவதற்கு முன் அவனையே மதிப்பெண் போடச் சொன்னேன். நடுக்கம் 10க்கு 9, திக்கல் 10க்கு 8, "கேவலமா இருந்துருக்கும்" என்பதற்கு 10. பிறகு, "இது உன் கிளாஸ்மேட் வீடியோன்னு நினைச்சுப் பாரு தம்பி" என்று சொல்லிக் காட்டினேன். முதல் வீடியோவில் அவசரமும் தரையைப் பார்த்ததும் தெரிந்தன, நடுக்கம் தெரியவில்லை. இரண்டாவதில் ஒரு பையன் சுமாராக, புரியும்படி பேசிக்கொண்டிருந்தான். அவன் நிறுத்தச் சொன்னான், முதலிலிருந்து போடச் சொன்னான். கடைசியில் நடுக்கத்துக்கு 3 போட்டான். "உள்ள அவ்ளோ இருந்துச்சு மேம், வெளில இவ்ளோதான் தெரியுதா?" என்றான்.

இதைப் பார்த்த உடனே பயம் போய்விடாது. அடுத்து வெளியில் போய்ச் செய்துபார்க்க வேண்டும், சின்னதிலிருந்து. கேன்டீனில் கூட்டமான நேரத்தில் போய் "அண்ணா, ஒரு டீ, சர்க்கரை கம்மியா" என்று கேட்க வேண்டும். கேட்கும்போது அண்ணனின் சட்டை என்ன நிறம், அடுப்பில் என்ன இருக்கிறது என்று பார்த்து வந்து எனக்குச் சொல்ல வேண்டும். கவனத்தை உள்ளிருந்து வெளியே இழுக்க இது உதவுகிறது. பிறகு வகுப்பில் ஒரு சந்தேகம் கேட்பது. பிறகு வேண்டுமென்றே தப்பான சந்தேகம் ஒன்றைக் கேட்டுவிட்டு என்ன ஆகிறது என்று பார்ப்பது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் என்ன நடக்கும் என்று பயப்படுகிறான், பிறகு உண்மையில் என்ன நடந்தது என இரண்டு வரி எழுத வைப்பேன். தைரியமாக இரு என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. பயத்தோடு போய்விட்டு வா என்கிறேன்.

அந்த மின்னியல் மாணவனின் லேப் விஷயத்தில் ஆசிரியையிடம் பேசினேன். மாணவனின் அனுமதியோடு, அவன் சொல்லலாம் என்ற அளவுக்கு மட்டும். முதல் இரண்டு வைவாவைத் தனியாக, தமிழில் பதில் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டார். மூன்றாவதில் பேட்ச் நண்பர்கள் நிற்க ஆங்கிலமும் தமிழும் கலந்து சொன்னான். பொறியியலைத் தமிழில் சொல்வது புதிதும் அல்ல. அண்ணா பல்கலைக்கழகமே 2010இல் சிவில், மெக்கானிக்கல் இரண்டிலும் தமிழ் வழிப் பட்டப்படிப்பு தொடங்கியது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2021இல் பொறியியலுக்கும் வந்த பிறகு தமிழ் வழியில் படித்தவர்கள் இன்னும் அதிகமாக உள்ளே வருகிறார்கள். அவர்களுடைய பதற்றத்தில் ஒரு பங்கு நோயே அல்ல. ஆங்கிலம் தடுமாறும்போது சிரிக்கும் வகுப்பறைதான் அந்தப் பங்கு. அதை மாணவனுக்குள் சரிசெய்ய முடியாது, வகுப்பறையில்தான் சரிசெய்ய வேண்டும். ஆசிரியர் ஒருவர் ஒருமுறை அந்தச் சிரிப்பை முகம் சுளித்து நிறுத்தினால் ஒரு பருவம் முழுக்க அது நிற்கிறது.

பயத்தைத் தாண்டி, உண்மையிலேயே எதிலும் மனம் ஒட்டாத நிலைக்குப் போய்விட்டவர்களிடம் வேலையை வேறிடத்தில் தொடங்க வேண்டியிருக்கிறது. விடுதி மாணவி ஒருத்தி, அறைத்தோழிகள் வகுப்புக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவாள். காலை மெஸ் கிடையாது. விடியற்காலை வரை செல்பேசி. "மூட் வந்தா படிச்சிருவேன் மேம், மூடே வர மாட்டேங்குது" என்றாள். இரண்டு அரியர் விழுந்திருந்தது. அதை நினைத்தாலே படுத்துக்கொள்ளத் தோன்றும், படுத்தால் இன்னும் பாடம் சேரும்.

மூட் வரட்டும் என்று காத்திருப்பதை முதலில் நிறுத்த வேண்டும். பீட்டர் லூவின்சோன் 1970களில் சொன்னது இதுதான்: மனச்சோர்வில் இருப்பவர் செயல்களைக் குறைத்துக்கொண்டே போகிறார், செயல் குறையக் குறைய மனதுக்கு நிறைவு தரும் எதுவும் கிடைக்காமல் சோர்வு கூடுகிறது. நீல் ஜேக்கப்சன் குழு 1996இல் வெளியிட்ட ஆய்வில், எண்ணங்களை மாற்றும் பகுதிகளை விட்டுவிட்டு, செயல்களைத் திட்டமிட்டுக் கூட்டும் பகுதியை மட்டும் கொடுத்தாலே முழுச் சிகிச்சைக்கு இணையான பலன் இருப்பதைக் கண்டார்கள். நம் நாட்டில் கோவாவில் விக்ரம் படேலும் சங்கத் அமைப்பினரும் இதை அடிப்படையாக வைத்து ஒரு குறுகிய சிகிச்சையை உருவாக்கி, மனநலப் பட்டம் எதுவும் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர்க்காரர்களைக் கொண்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இருந்தது, 2017இல் லான்செட் இதழில் வந்தது. எனக்கு இது பெரிய தெம்பைத் தந்த செய்தி. விடுதிக் காப்பாளருக்கும் மூத்த மாணவிகளுக்கும் கூட இதைச் சொல்லிக்கொடுக்கலாம் என்ற எண்ணம் அதிலிருந்துதான் வந்தது.

அந்த மாணவியிடம் படிப்பைப் பற்றிப் பேசவில்லை. ஒரு தாளில் நாளை மணி வாரியாகப் பிரித்து, என்ன செய்தாள், அதில் மகிழ்ச்சி எவ்வளவு, முடித்த நிறைவு எவ்வளவு என்று 10க்கு எழுதிவரச் சொன்னேன். முதல் வாரத் தாளில் எல்லாம் 1, 2. ஒரே ஒரு இடத்தில் நிறைவு 7 என்று இருந்தது. என்ன அது என்றால், பக்கெட்டில் பல நாளாக ஊறி நாற்றமெடுத்த துணியை ஒரு ஞாயிறு மதியம் துவைத்து மொட்டை மாடியில் காயப்போட்டிருக்கிறாள். அங்கிருந்து தொடங்கினோம். எப்போது தூங்கினாலும் ஏழு மணிக்கு எழுந்துவிடுவது. பல் விளக்கிவிட்டு மெஸ்ஸுக்கு இறங்குவது, ஒரு டம்ளர் காபிக்காவது. முதல் பீரியட் மட்டும் போவது, பிறகு திரும்பி வந்துவிடலாம். படிப்பு என்றால் பத்து நிமிடம், ஒரு இரண்டு மதிப்பெண் கேள்வி, அலாரம் அடித்ததும் மூடிவிட வேண்டும். மூடச் சொன்னது அவளுக்கு ஆச்சரியம். அலாரத்துக்குப் பிறகும் தொடர ஆசை வரும் நாள் தானாக வந்தது.

உடம்பையும் பார்த்துவிட வேண்டும். ரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் சோர்வாகத்தான் வெளியே தெரியும். அதனால் இப்படி வரும் எவரையும் முதலில் ஒரு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுகிறேன், விடுதிச் சாப்பாட்டில் காலையை விட்டுவிட்டு வாழும் பெண்களைக் கட்டாயமாக. சோர்வு கடுமையாக இருந்தாலோ, வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் கெட்டிருந்தாலோ மனநல மருத்துவரிடம் அனுப்புவேன். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. மாத்திரை என்றதும் "பழக்கமாயிருமுங்களா?" என்று பெற்றோர் பதறுகிறார்கள். இந்தப் பதற்றத்துக்கும் சோர்வுக்கும் முதலில் தரப்படும் மருந்துகள் தூக்க மாத்திரைகள் அல்ல, போதையும் தராது. வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக்கூடாது. இதைப் பொறுமையாகச் சொன்னால் பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

சாகத் தோன்றுகிறதா என்று நேரடியாகவே கேட்பேன். கேட்டால் அந்த எண்ணத்தை ஊட்டிவிட்டதாக ஆகும் என்ற பயம் தேவையில்லை. கேட்டதும் பெரும்பாலும் ஒரு பெருமூச்சுதான் வரும், யாராவது கேட்டார்களே என்று. ஆம் என்றால் அன்று அவர்களைத் தனியே விடுவதில்லை. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 எண்ணை ஒவ்வொருவர் செல்பேசியிலும் என் முன்னாலேயே பதிய வைக்கிறேன். இரவு இரண்டு மணிக்கும் தமிழில் பேச ஆள் இருப்பார்.

பெற்றோர் வருகிறார்கள். ஒரு அப்பா மில் ஷிப்ட் முடித்து அப்படியே வந்திருந்தார். "நல்லாத்தானுங்க மேடம் இருந்தான். பத்தாவதுல நானூத்தி அறுவது. போனு வாங்கிக் குடுத்ததுதானுங்க தப்பு" என்றார். போன் காரணமல்ல, பையன் ஒளிந்துகொள்ளக் கிடைத்த கடைசி இடம் அதுதான் என்று அவருக்குச் சொல்லிப் புரியவைக்க ஒரு மணி நேரம் ஆனது. அவரிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. தினமும் போனில் "படிச்சியா" என்று கேட்பதற்குப் பதிலாக "சாப்பிட்டியா, யார் கூடச் சாப்பிட்டே?" என்று கேளுங்கள் என்றேன். இரண்டாவது கேள்விக்கு ஒரு பெயர் பதிலாக வரத் தொடங்கும்போது எனக்குத் தகவல் சொல்லுங்கள் என்றேன். சொன்னார்.

இந்தத் தொழிலில் என்னை மிகவும் வருத்தியது மாணவர்களின் நிலை அல்ல, நிர்வாகங்கள் எங்களை நடத்தும் விதம். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் சேர்க்கைப் பருவம் முழுக்க ஆலோசகரைப் பள்ளி பள்ளியாக விளம்பரத்துக்கு அனுப்பினார்கள். என்னிடம் வந்த மாணவர்களின் பெயர்ப் பட்டியலையும் அவர்கள் சொன்னதையும் மாதாமாதம் எழுதித் தரச் சொன்னார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 23ஆம் பிரிவில் இந்த ரகசியம் காக்கப்பட வேண்டும் என்பதை எடுத்துக் காட்டி மறுத்தேன். எண்ணிக்கை மட்டும் தருகிறேன் என்றேன், அதோடு விட்டார்கள். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாணவர் மனநலம் குறித்து 15 வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் நிறுவனங்களில் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. வரவேற்கிறேன், மனப்பூர்வமாக. ஆனால் ஆளை நியமித்தால் மட்டும் போதாது, அந்த ஆளிடம் மாணவன் வந்து சேர வேண்டும்.

எங்கள் அறை முதலில் துறைத்தலைவர் அறைக்கு அடுத்ததாக இருந்தது. வாசலில் பலகை, வெளியே பெஞ்ச், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்கும் வராந்தா. சந்திக்க விரும்புவோர் பதிவேட்டில் பெயர், பதிவு எண், காரணம் எழுத வேண்டும் என்ற ஏற்பாடு. பிறர் பார்ப்பதற்கே பயப்படும் ஒருவனால் அந்த பெஞ்சில் உட்கார முடியாது. இப்போது நூலகத்தின் பின்பக்கம், பழைய இதழ்கள் அடுக்கியிருக்கும் பகுதியைத் தாண்டி இருக்கிறது. பலகை கிடையாது. புத்தகம் எடுக்கப் போகிறவன் போலவே வரலாம். பதிவேட்டை எடுத்துவிட்டேன். போன் செய்யச் சொல்வதில்லை, கூச்சமுள்ளவன் போன் செய்ய மாட்டான். வாட்ஸ்அப்பில் ஒரு புள்ளி வைத்து அனுப்பினால் போதும், நேரத்தை நான் அனுப்புவேன். வந்து பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போகலாம். முதல் தடவை பலரும் அப்படித்தான் செய்கிறார்கள், அடுத்த வாரம் மீண்டும் ஒரு புள்ளி வருகிறது.